நிலம் யார் பேர்ல இருக்கணும்? போச்சம்பள்ளியில் தொடங்கி ஜார்ஜியா வரை போன ஒரு கதை



இன்னிக்கு மருத்துவப் பதிவு இல்லை. சுகர், பிரஷர் எதுவும் வராது. வரலாறுதான். கொஞ்சம் நீளமான இழை, ஒரு டீயோட வந்து உட்காருங்க.

கேள்வி இதுதான். விவசாய நிலம் தனி ஆள் பேரில் இருக்கணுமா, அரசாங்கம் பேரில் இருக்கணுமா? இல்லை, ஊருக்கே பொதுவான ஓர் அறக்கட்டளை மாதிரி வைத்து, உழுகிறவர் உழுதுகொள்ளட்டும், பிள்ளைகளும் உழட்டும், ஆனால் யாரும் விற்கக் கூடாது என்று ஆக்கிவிடலாமா?

"கனவு காண நல்லா இருக்கு டாக்டர்" என்று நகர்ந்துவிடாதீர்கள். இது கனவு இல்லை. நம் நாட்டிலேயே சட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, ஆயிரக்கணக்கான கிராமங்களில் செய்து பார்த்தது. அதில் ஒரு கிளை அமெரிக்காவுக்கே போய் முளைத்தது. அங்கே அது அடிவாங்கிய கதையும் இருக்கு.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நாம் கையில் வைத்திருக்கிற தனிப்பட்டா என்கிற சங்கதிக்கு வயசு ரொம்பக் கம்மி. மன்றோவின் ரயத்துவாரி முறை மதராஸ் மாகாணத்தில் பரவியது 1800களின் தொடக்கத்தில். இன்னார் பெயர், இன்ன சர்வே நம்பர், இவ்வளவு தீர்வை என்று ஒவ்வொரு விவசாயியோடும் அரசாங்கம் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டது.

அதற்கு முன்னால்? தொண்டைமண்டலத்திலும் தஞ்சையிலும் பல ஊர்களில் நிலம் "கரை" என்ற பங்கு முறையில் இருந்தது. ஊர் நிலம் மொத்தமும் காணியாட்சிக்காரர்களுக்குப் பொது. சில வருஷத்துக்கு ஒருமுறை யாருக்கு எந்த வயல் என்று மாற்றிக்கொள்வார்கள். அதுக்குப் பசுங்கரை என்று பேர். ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் 1810களில் மிராசு உரிமை பற்றி எழுதியதில் இதெல்லாம் வருது.

ஆஹா, எவ்வளவு நல்ல பொதுவுடைமை என்று புல்லரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் "பொது"வில் யார் இருந்தார்கள்? காணி உள்ளவர்கள் மட்டும். சேற்றில் இறங்கி நட்டவர், அறுத்தவர், பண்ணையாளாகவே பிறந்து பண்ணையாளாகவே செத்தவர் எவருக்கும் அதில் கரை கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பொதுச் சொத்து என்று யார் சொன்னாலும், "பொதுன்னா யாரெல்லாம்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சரி, 1951க்கு வருவோம்.

தெலங்கானாவில் 1946 முதல் ஆயுதப் போராட்டம். நிஜாம் ஆட்சியின் தேஷ்முக்குகளிடமிருந்து நிலத்தைப் பறித்து கம்யூனிஸ்டுகள் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1948ல் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் போனது. நிஜாம் போனார், ஆனால் சண்டை ஓயவில்லை. பகலில் போலீஸ், இரவில் கொரில்லாக்கள். நடுவில் மாட்டியது ஊர் சனம்.

அந்தப் பகுதிக்குள் நடந்தே போனார் காந்தியின் சீடர் வினோபா பாவே. வயது 55, ஒல்லி உடம்பு, ஏற்கெனவே வயிற்றுப் புண் உள்ளவர். 1951 ஏப்ரல் 18, நல்கொண்டா மாவட்டம், போச்சம்பள்ளி. அங்கே 40 தலித் குடும்பங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார். "80 ஏக்கர் நிலம் கிடைத்தால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்" என்கிறார்கள். நஞ்சை பாதி, புஞ்சை பாதி.

அரசாங்கத்துக்கு மனு எழுதிப் போட்டால் எப்போ வரும் என்று வினோபாவுக்குத் தெரியும். அதனால் கூட்டத்தைப் பார்த்து, "இந்த ஊரிலேயே யாராவது கொடுப்பீங்களா?" என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். கேட்டது 80, கிடைத்தது 100.

பூதான இயக்கம் பிறந்தது இப்படித்தான். வினோபா போட்ட கணக்கு: நாட்டின் சாகுபடி நிலம் 30 கோடி ஏக்கர். உங்க வீட்டில் அஞ்சு பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து என் பங்கைக் கொடுங்க. ஆறில் ஒரு பங்கு, 5 கோடி ஏக்கர். இதுதான் இலக்கு. அதற்காக வருஷக்கணக்கில் நாடு முழுக்க நடந்தார்.

ரிசல்ட் என்ன? காகிதத்தில் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வந்தது. கேட்டு வாங்கியது மட்டும்தான், ஒரு துப்பாக்கிகூட இல்லை. உலக வரலாற்றில் இது சின்ன விஷயம் இல்லைதான்.

ஆனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கப் போனபோதுதான் சிக்கல். பீகாரை எடுத்துக்குவோம். 20 லட்சம் ஏக்கருக்கு மேல் தானம் வந்ததாகச் சொன்னார்கள். பிறகு சரிபார்த்ததில் கணக்கில் நின்றது சுமார் 6.5 லட்சம். மீதி? ஆறு ஓடுகிற இடம், மலை, காடு, வழக்கில் கிடக்கும் நிலம், தானம் கொடுத்தவருக்கே சொந்தமில்லாத நிலம். நின்றதிலும் பாதிகூட ஏழைகள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

வினோபா ஏமாளி இல்லை. ஒவ்வொருவரிடமும் பிச்சை மாதிரி வாங்கினால் நடக்காது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார். அதற்குள் ஓர் ஊர் அவருக்கே வழி காட்டியது. 1952, உத்தரப்பிரதேசம் ஹமீர்பூர் மாவட்டத்தில் மங்ரோத் என்ற கிராமம். ஊரே சேர்ந்து, ஏறக்குறைய எல்லா நிலத்தையும் கொடுத்துவிட்டது. முதல் கிராமதானம்.

இதோட வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. கொஞ்சம் நிறுத்தி நிதானமா பார்ப்போம்.

ஆரம்பத்தில் முழு நிலத்தையும் ஊருக்குக் கொடு, ஊர் திருப்பிப் பிரிக்கும் என்பதுதான் முறை. அது ரொம்பப் பேருக்குப் பயம் தந்ததால் 1960களில் "சுலப கிராமதானம்" என்று இளக்கினார்கள். ஊரில் நிலம் வைத்திருப்பவர்களில் 75 சதவீதம் பேர் கையெழுத்துப் போடணும். உரிமை ஊர் சபையின் பேருக்குப் போயிடும். ஒவ்வொருவரும் தன் நிலத்தில் 20ல் ஒரு பங்கை நிலமில்லாதவர்களுக்கு விடணும். மீதி 19 பங்கை அவரே உழலாம், பிள்ளைகளும் உழலாம். ஆனால் ஊருக்கு வெளியே விற்க முடியாது. விளைச்சலில் 40ல் ஒரு பங்கை ஊர் நிதிக்குப் போடணும்.

கவனிச்சீங்களா? வயல்ல எதுவும் மாறலை. நேத்து உழுதவர்தான் இன்னிக்கும் உழறார். மாறியது ஒரே ஒரு விஷயம், விற்கிற உரிமை.

மருத்துவ பாஷையில் சொல்றேன். நில உரிமை என்பது ஒற்றை மாத்திரை இல்லை, மூணு மருந்து கலந்த காம்பினேஷன் மாத்திரை. ஒன்று, உழுது விளைச்சலை எடுக்கும் உரிமை. இரண்டு, பிள்ளைகளுக்கு விட்டுப் போகும் உரிமை. மூன்று, விற்க, அடமானம் வைக்க உரிமை. பட்டா இந்த மூணையும் ஒரே அட்டையில் வச்சுக் கொடுக்குது. கிராமதானம் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூணாவதை மட்டும் நிறுத்தப் பார்த்தது.

ஏன்னா நிலம் கைவிட்டுப் போவதே அந்த மூணாவது வழியாகத்தான்.

1957 செப்டம்பரில் மைசூர் பக்கத்தில் ஏல்வாலில் ஒரு கூட்டம் நடந்தது. ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத், பிரதமர் நேரு, கேரளாவில் அப்போதுதான் முதல்வரான கம்யூனிஸ்ட் இ.எம்.எஸ். எல்லாரும் வந்து கிராமதானத்தை வரவேற்றார்கள். அந்தக் காலத்தில் அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு இது ஓர் அளவு. அதே இ.எம்.எஸ்ஸின் கேரளா பின்னாடி தேர்ந்தெடுத்தது வேறு வழி. குத்தகையை ஒழித்து, உழுத குத்தகைதாரருக்கே நிலத்தைச் சொந்தமாக்கியது. அதாவது கம்யூனிஸ்டுகள் தனிப்பட்டாவைக் கொடுத்தார்கள், காந்தியவாதிகள் தனிப்பட்டா வேண்டாம் என்றார்கள். வரலாறு சில சமயம் இப்படிக் கிண்டலடிக்கும்.

இப்போ நம்ம ஊர்.

வினோபா 1956, 57ல் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தார். மதுரை மாவட்டத்தில் நிறைய கிராமதானங்கள் வந்தன. பின்னணியில் உழைத்தவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கூடவே அவர் மனைவி கிருஷ்ணம்மாள். 1958ல் பூதான சட்டமும் வந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் "அறக்கட்டளை நிலம்" என்றால் சனங்களுக்கு நினைவுக்கு வந்தது வினோபா இல்லை, கோயிலும் மடமும். இன்றைக்கும் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கு என்பது அரசே சொல்லும் கணக்கு. பெரும் பகுதி விவசாய நிலம். யோசிச்சுப் பாருங்க, விற்க முடியாத, தனி ஆளுக்குச் சொந்தமில்லாத, பொது நோக்கத்துக்கான நிலம். நாம் தேடும் மாதிரி ஏற்கெனவே நம்ம வாசலிலேயே இருந்திருக்கு!

அது எப்படி வேலை செய்தது? 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். மத சம்பந்தமான பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு. விலக்கு என்று ஒரு கதவைத் திறந்து வைத்தால் யார் முதலில் நுழைவார்கள் என்று சொல்லணுமா? டெல்டாவில் கோயில் பேரில் நிலம், குத்தகை பண்ணையார் குடும்பத்தின் கையில், உள்குத்தகைக்கு உழுகிறவருக்கு ஒரு துண்டு ரசீதுகூட இல்லை. சாமிக்குப் போகவேண்டிய குத்தகை நெல்லும் சரியாகப் போகவில்லை. சாமிக்கும் நஷ்டம், உழுதவருக்கும் நஷ்டம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். முக்கியக் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்ட நிலக்கிழாரை 1973ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரலை.

அந்தச் செய்தி கேட்டு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். "கோயில் நிலத்தை உழுகிறவனுக்கே குத்தகைக்குக் கொடு" என்பதுதான் கோரிக்கை. கோயிலை எதிர்த்து அல்ல, கோயில் பேருக்குப் பின்னால் இருந்தவர்களை எதிர்த்து.

1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு செய்ததை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கிராமதானம் என்று இவ்வளவு காலம் பேசியவர்கள், இப்போது நிலக்கிழார்களோடு விலை பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம் பதிவு செய்து கொடுத்தார்கள். யார் பேரில்? பெண்கள் பேரில். சுமார் 13,000 குடும்பங்கள். ஊர் சபை பேரில் இல்லை.

ஏன் மாற்றினார்கள் என்று நானாக ஊகிப்பதானால், ஊர் சபையில் பண்ணையாரும் உட்கார்ந்திருக்கும் ஊரில், "ஊர் பேரில் நிலம்" என்பது மறுபடியும் அவர் கைக்கே போகும். குடித்துவிட்டு விற்கிற புருஷன் பேரில் எழுதினாலும் நிற்காது. வீட்டுக்காரம்மா பேரில் எழுதினால் விற்பதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் பாதுகாப்பு!

"அப்போ விற்கக் கூடாதுன்னு அரசாங்கமே நிபந்தனை போட்டுக் கொடுத்தா?" அதையும் பார்த்தாச்சு. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆக்டிங் கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892ல் வந்த ஆணை. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அந்தச் சமூகத்துக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. ஒதுக்கியது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நூறு வருஷம் கழித்து 1994ல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்களில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நிபந்தனை காகிதத்தில் பத்திரமா இருந்தது. நிலம்தான் இல்லை.

இப்போ ஒரு டாக்டராக என் பங்குக்குச் சொல்கிறேன்.

வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போது தொழில் என்ன என்று கேட்போம். "விவசாயம்" என்பார்கள். "சொந்த நிலமா?" என்றால் வரும் பதில்களில் ஒன்று, "இருந்துச்சுங்க சார்." அந்த "இருந்துச்சு"க்குப் பின்னால் பெரும்பாலும் மூணு காரணம்தான். பொண்ணு கல்யாணம், மழை பொய்த்த வருஷம், ஆஸ்பத்திரி. தனியாரில் பார்த்துப் பார்த்து, நகை போய், நிலம் போய், கடைசியாக எங்களிடம் வருவார்கள். காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு குறைந்திருக்கு. நிக்கலை.

இதை வெறும் சோகக் கதையாகப் பார்க்காதீர்கள். கணக்காகப் பாருங்கள். சிறு விவசாயிக்கு மாத்திரையின் அந்த மூணாவது மருந்து, அதாவது விற்க அடமானம் வைக்க உரிமை, ஆடம்பரம் இல்லை. அவரிடம் இருக்கும் ஒரே இன்சூரன்ஸ் அதுதான். பி.எஃப்., மெடிக்ளெய்ம், ஓய்வூதியம் எல்லாமே அந்த ரெண்டு ஏக்கர்தான். நாளைக்கே அவரிடம் போய், "ஐயா, நிலத்தை ஊர் பேருக்கு மாத்திடுங்க, உங்க பேரன்வரைக்கும் உழலாம், விற்க மட்டும் முடியாது" என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "ஆத்தா கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா நான் எங்க போறது?"

கிராமதானத்தின் தோல்வியில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததுதான் என்பது என் கருத்து. நிலத்தைப் பொதுவாக்கினார்கள். பணம் வரும் வழியைப் பொதுவாக்கவில்லை. வங்கிக்கு அடமானம் வைக்கத் தனிப்பட்டா வேணும். கூட்டுறவு வங்கிக்குப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்பார்கள். "நிலம் ஊர் சபை பேர்ல இருக்குங்க" என்றால் மேனேஜர் முழிப்பார். ஊர் நிதிக்கு 40ல் ஒரு பங்கு வரணும் என்ற விதி இருந்தது. மானம் பார்த்த பூமியில், அதுவும் மழை பொய்த்த வருஷத்தில், விளைச்சலே இல்லை என்றால் 40ல் ஒரு பங்கு எங்கிருந்து வரும்? எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தால் ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தருக்கு ஏற்ற முடியாது இல்லையா.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். பூதானத்தில் வந்த நிலம் பாதி கல்லும் முள்ளும். கையில் பத்து பைசா இல்லாதவருக்குக் கல் நிலத்தைக் கொடுத்துவிட்டு "வாழ்க" என்றால் எப்படி? கிணறு வேணும், மாடு வேணும், விதை வேணும். 1969ல் தொடங்கிய அசெஃபா இந்த வேலைக்காகவே வந்தது. சிவகங்கைப் பக்கம் சேவலூரில் ஆரம்பித்து, பூதான நிலங்களைத் திருத்தும் பண்ணைகள். இத்தாலியிலிருந்து ஜியோவானி எர்மிலியா என்பவர் நண்பர்களைத் திரட்டிப் பண உதவிக்கு நின்றார். முதலீடு வந்த இடத்தில் கல் நிலமும் பச்சையானது. ஆனால் எத்தனை ஊருக்கு அப்படி ஒரு இத்தாலிக்காரர் கிடைப்பார்?

மற்ற இடங்களில் என்ன ஆச்சு என்றால், அசாம் அரசு 2022ல் தன் கிராமதான, பூதானச் சட்டங்களையே ரத்து செய்தது. அங்கே உழுகிறவர்களுக்குத் தனிப்பட்டா தரவேண்டும் என்பதுதான் சொன்ன காரணம். எனக்கு வருத்தம்தான். ஆனால் பட்டா கேட்ட அந்த விவசாயியைக் குறை சொல்ல மனசு வரலை.

"இதுக்குத்தான் சொல்றோம், எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கணும்" என்பவர்களுக்கு ஒரு சின்ன ஸ்டாப். சீனா. 1958ல் நிலம் மக்கள் கம்யூன்களுக்குப் போனது. அடுத்த மூணு வருஷப் பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள். 1978ல் அன்ஹுய் மாகாணம் ஷியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்து, நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். மாட்டினால் ஜெயில். விளைச்சல் எகிறியது, பிறகு நாடு முழுக்க அதே முறை. இன்றைக்கும் அங்கே கிராம நிலம் கூட்டு உடைமைதான், குடும்பத்துக்கு 30 வருஷ ஒப்பந்தம். உழும் உரிமை திரும்ப வந்ததும் சாப்பாடு வந்துவிட்டது. ஆனால் விற்கும் அதிகாரம் மேலே இருக்கிற அதிகாரியிடம் போனதால், நகரம் பெருகும்போது உள்ளூர் நிர்வாகம் விவசாயிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிலத்தைப் பில்டருக்குப் பெரிய விலைக்குக் கைமாற்றியது. அரசாங்கமே முதலாளி என்றால், விற்க ஆசை வரும்போது தடுக்க ஆளில்லை.

இனி அந்த அமெரிக்கக் கிளை. நான் இந்த இழையை எழுத ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

1960கள், ஜார்ஜியா மாநிலம், ஆல்பனி நகரத்தைச் சுற்றிய பருத்தி, வேர்க்கடலைப் பூமி. கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனால், மறுநாள் வெள்ளைக்கார நிலக்கிழார் குத்தகை நிலத்தையும் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார். ஓட்டுரிமை கேட்டால் தலைக்கு மேல் கூரை போகும். நம்ம டெல்டாக்காரர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

அங்கே குடியுரிமைப் போராட்டத்தில் இருந்த சார்லஸ் ஷெராடும் ஸ்லேட்டர் கிங்கும் யோசித்தார்கள். யாரும் துரத்த முடியாத நிலம் வேணும். இவர்களோடு சேர்ந்தவர் ராபர்ட் ஸ்வான். இரண்டாம் உலகப் போரில் சேர மறுத்துச் சிறை போனவர், காந்தியையும் வினோபாவின் கிராமதானத்தையும் படித்தவர். 1968ல் இவர்கள் இஸ்ரேலுக்கும் போய் யூத தேசிய நிதியம் நிலத்தை விற்காமல் நீண்ட குத்தகைக்கு விடும் முறையைப் பார்த்து வந்தார்கள். (அந்த நிதியத்தின் நிலம் யூதர்களுக்கு மட்டும் என்றே வைக்கப்பட்டது. அரபு மக்கள் அந்தப் "பொது"வுக்குள் கிடையாது. பழைய கரை முறையிலும் இதுதான் பிரச்சினை.)

1969ல் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பு பிறந்தது. அதே வருஷம் ஸ்லேட்டர் கிங் கார் விபத்தில் இறந்துபோனார். ஆனாலும் லீ கவுண்டியில் 5,735 ஏக்கர் வாங்கினார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் இருந்த மிகப்பெரிய ஒற்றை நிலம் அதுதான். நிலம் அறக்கட்டளைக்கு, வீடும் உழைப்பும் குடும்பங்களுக்கு. அறக்கட்டளைக் குழுவில் அவர்களே உறுப்பினர்கள். டெல்டாவின் அறக்கட்டளைகளில் இல்லாத அந்த ஒரு விஷயம் இங்கே இருந்தது. இன்று அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட சமூக நில அறக்கட்டளைகள் இருக்கின்றன, பெரும்பாலும் வீடுகளுக்கு. எல்லாத்துக்கும் முன்னோடி இதுதான்.

வேர்க்கடலை, சோளம், சோயா, திராட்சை போட்டார்கள். பன்றி வளர்த்துக் கறியைப் புகைபோட்டு, ரோட்டோரக் கடையில் விற்றார்கள். ஆனால் அந்த நிலம் கடனில் வாங்கியது. கிராமம் கட்ட வரவேண்டிய மத்திய அரசுப் பணம் மாநில ஆளுநரின் எதிர்ப்பால் நின்றுபோனது. (அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி.) அதனால் அறக்கட்டளையே நிலத்தை அடமானம் வைத்துத்தான் ஓடியது.

1970களின் கடைசியில் வறட்சி. அரசின் விவசாயக் கடன் அலுவலகத்தில் அவசரக் கடன் கேட்டார்கள். அதே வறட்சியில் சுற்றியிருந்த வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் கடன் கிடைத்தது. இவர்களுக்கு மூணு வருஷம் இழுத்தடித்தார்கள். மூணு வருஷம்! செப்சிஸ் நோயாளிக்கு முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்கை அடுத்த வாரம் போடலாம் என்பது மாதிரி. 1985ல் கடனுக்காக 5,735 ஏக்கரும் போனது.

சட்டப்படி அது விற்க முடியாத நோக்கத்தோடு வைத்த நிலம். ஆனால் அடமானம் வைத்த பிறகு நோக்கத்தை எந்த வங்கி பார்க்கும்?

"அப்போ உங்க முடிவு என்ன டாக்டர்?" என்று கேட்பீங்க. உழும் உரிமையும் வாரிசு உரிமையும் குடும்பத்திடம், விற்கும் உரிமை ஊரிடம் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான் என்று நம்புகிறேன். அரசு முழு முதலாளியாக ஆவதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனால் அந்த ஊர் சபையில் கூலிக்காரரும் பெண்களும் எண்ணிக்கையில் பாதியாவது இருக்கணும். அதோட, மூணாவது மருந்தை நிறுத்துவதற்கு முன்னாடியே மாற்று மருந்து ரெடியா இருக்கணும். நிலத்தை அடமானம் கேட்காத பயிர்க்கடன், மழை பொய்த்தால் அதே பருவத்தில் வருகிற இழப்பீடு, இடுப்பெலும்பு உடைந்தால் கைக்காசு கேட்காத ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும் சொல்வார்.

இந்த ஏற்பாட்டை விரும்பிக் கேட்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. மகாராஷ்டிரா கட்சிரோலியில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி கிராமம் 2013ல் மொத்தமாகக் கிராமதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது. அந்த ஊருக்கு ஏற்கெனவே சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் சமூக உரிமை இருந்தது. மூங்கில் விற்ற பணம் ஊர் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அதாவது பணம் வரும் வழி முதலில் வந்தது, நிலத்தைப் பொதுவாக்கியது அப்புறம். அரசாங்கம் அதைச் சட்டப்படி ஏற்கவைக்க அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது வேறு கதை.

ஜார்ஜியாவில் என்ன ஆச்சு என்றால், கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் தருவதில் பாரபட்சம் காட்டியதற்காக அமெரிக்க வேளாண் துறை மேல் நடந்த பெரிய வழக்கில் நியூ கம்யூனிட்டீஸும் மனு போட்டிருந்தது. 2009ல் தீர்ப்பு இவர்கள் பக்கம். சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். நிலம் போய் 24 வருஷம் ஆகியிருந்தது. ஆரம்பித்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

சார்லஸ் ஷெராடும் அவர் மனைவி ஷெர்லியும் இருந்தார்கள். ஷெர்லியின் அப்பாவை 1965ல் ஒரு வெள்ளைக்கார விவசாயி சுட்டுக் கொன்றார், வழக்கே நடக்கவில்லை. அந்த நஷ்டஈட்டுப் பணத்தில் 2011ல் ஆல்பனி பக்கத்திலேயே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் பெரிய அடிமை முதலாளிகளில் ஒருவருடைய பண்ணை அது. சார்லஸ் 2022ல் இறந்தார். இப்போ அந்தப் பண்ணையில் பீக்கன் மரங்கள் காய்க்குது, பழைய எஜமானன் வீட்டில் விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடக்குது.